தம்பியின் பழைய பிக்கப்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தம்பி 1966 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் வாங்கியிருக்கிறான். முன் டயர் ஒருபக்கமாகத் தேய்கிறது, சஸ்பென்ஷனையே மாற்றலாமா என்கிறான்.

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். லொடலொடவென்றால் கிங்பின் (முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சு ஆணி) தேய்ந்திருக்கலாம், அதை மாற்றி அலைன்மென்ட் பார்த்தாலே பாதித் தலைவலி போய்விடும். அந்த வண்டியில் முன் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு நீள பீம்கள் ஒன்றையொன்று தாண்டி எதிர்ப்பக்கம் மாட்டியிருக்கும், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் சாய்வும் மாறும், அது அதன் பிறவிக்குணம்.

மாற்றியே தீருவேன் என்றால் 2003 முதல் வந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியா காரின் முன் சஸ்பென்ஷன் பகுதியை அப்படியே கழற்றி மாட்டுகிறார்கள், டிஸ்க் பிரேக்கும் ரேக் ஸ்டீயரிங்கும் (பல்சட்டத்தால் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு) சேர்ந்தே வரும். ஆனால் சக்கர அகலம் கூடும், பழைய ரிம் போட்டால் டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும். சேஸிஸை வெட்டி வெல்டிங் செய்யும் வேலை வேறு. நானாக இருந்தால் கிங்பின்னோடு நிறுத்திக்கொள்வேன்.