பெயின்ட் அப்புறம், பேப்பர் முதலில்

கேள்வி: எனக்கு 39 வயது. கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி (பி.ஆர்.) கிடைத்து, வேலைக்காக மனைவி, மகளுடன் ஆகஸ்டில் டொரன்டோ போகிறேன். மடிப்பாக்கத்தில் என் பெயரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் இருக்கிறது. கடன் பாக்கி 22 லட்சம், இ.எம்.ஐ. 27,000 ரூபாய். வாடகை 25,000 வரும் என்கிறார் தரகர். 3 லட்சம் செலவழித்து மாடுலர் கிச்சன் போட்டால் கூடுதலாக 3,000 கிடைக்குமாம். போடலாமா? எங்கள் சாமான்களை ஒரு அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாமா? வாடகையை கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவின் கணக்கில் போடச் சொல்ல நினைக்கிறேன். சரிதானா, சார்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மூன்றில் உங்களுக்கு நிஜமாகவே பிரச்னை தரக்கூடியது அதுதான்.

வாடகை யார் கணக்கில் விழுந்தாலும், வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை அது உங்கள் வருமானம்தான். ஆகஸ்டில் கிளம்பினால் இந்த நிதியாண்டில் நீங்கள் இந்தியாவில் இருப்பது 182 நாளுக்குக் குறைவு. வேலைக்காக வெளிநாடு போகிறவர் என்பதால், முழு ஆண்டுக்கும் வருமான வரிச் சட்டப்படி 'வெளிநாட்டில் வசிப்பவர்' ஆகிவிடுவீர்கள். அப்படிப்பட்டவருக்கு வாடகை கொடுப்பவர் 31.2% வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தர வேண்டும். மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம் என்ற விதி உள்ளூர் உரிமையாளர்களுக்கு. உங்களுக்கு அந்த வரம்பே கிடையாது. பிடிக்கத் தவறினால் மாட்டிக்கொள்வது வாடகைக்கு இருப்பவர். அவர் ஆபீஸில் வீட்டு வாடகைப் படிக்கு உங்கள் பான் எண்ணைக் கொடுப்பார், விஷயம் தானாகவே வெளியே வரும். என்னிடம் வந்த ஓர் இளைஞர், 'ஓனர் அமெரிக்காவில் இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது சார், அவங்க அம்மாதான் வாடகை வாங்குவாங்க' என்று நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிலைமையில் யாரையும் நிறுத்தாதீர்கள். வெளிநாடு போவதைப் பேச்சுவார்த்தையின்போதே சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். வாடகைக்கு வருபவர், வரி பிடிப்பவர்களுக்கான டான் எண் வாங்க வேண்டும், பிடித்ததைக் கட்டிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஆடிட்டர் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால் நல்ல ஆள் நழுவிப்போகமாட்டார்.

31.2% என்றதும் பயப்பட வேண்டாம். அது முன்பணம் மாதிரிதான். ஆண்டு வாடகை 3,00,000. நீங்கள் கட்டிய சொத்து வரி 6,000 என்று வைத்துக்கொள்வோம், மீதி 2,94,000. அதில் பராமரிப்புக்கு என்று 30%, அதாவது 88,200 கழியும். மிச்சம் 2,05,800. உங்கள் கடனுக்கு வட்டி சுமார் 1,80,000 இருக்கும், அதையும் கழித்தால் 25,800. இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் இதற்கு வரியே இல்லை. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை விலக்கு. ஆனால், பிடித்தமாகப் போயிருப்பது 93,600! ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். இல்லாவிட்டால், குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கி, வாடகைக்கு வருபவரிடம் கொடுத்துவிடலாம். முதல் ஆண்டில் மட்டும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான சம்பளமும் சேரும். 12 லட்சம் வரை வரி இல்லை என்ற தள்ளுபடி வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வங்கிக்கும் தகவல் சொல்லி, சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) மாற்றிவிடுங்கள். வாடகை அதில் வரட்டும், இ.எம்.ஐ. அதிலிருந்து போகட்டும். கணக்கு எண் மாறினால் இ.எம்.ஐ. பிடிப்பதற்கான அனுமதியையும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வாடகை 25,000, தவணை 27,000 என்னும்போது, பிடித்தமும் போனால் மாதாமாதம் துண்டு விழும். வீடு இரண்டு மூன்று மாதம் காலியாகவும் கிடக்கலாம். எனவே, ஆறு மாதத் தவணையை அந்தக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

இப்போது உங்கள் 3 லட்சத்துக்கு வேலை தெரிந்துவிட்டது இல்லையா? கிச்சனுக்குப் போட்டால், மாதம் 3,000 வீதம் முதல் திரும்பவே எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தக் கதவுகள் தொங்கிவிடும். டொரன்டோவில் வீடு பிடிக்கும்போது முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் சேர்த்துக் கேட்பார்கள். கையில் பணம் இருக்கட்டும். இங்கே பாத்ரூம் ஒழுக்கு கீழ்வீட்டுக்கு இறங்காமல் பாருங்கள், வயரிங்கை எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. போடுங்கள், குழாய்களை மாற்றுங்கள், ஒரு கோட் வெள்ளை அடியுங்கள். அது போதும்.

பூட்டிய அறை வேண்டவே வேண்டாம். துபாயிலிருந்து நான்கு வருடம் கழித்து வந்த ஒரு தம்பதியுடன், அவர்கள் பூட்டிவைத்திருந்த அறையைத் திறக்கப் போயிருந்தேன். துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டுத்தான் திறக்க முடிந்தது. பரணிலிருந்து தரைவரை சுவரில் மண்கோடு. கல்யாண ஆல்பத்தைக் கரையான் உள்ளிருந்து தின்று, அட்டை மட்டும் அப்படியே இருந்தது. அந்த அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. அறையைப் பூட்டினால் உங்கள் வீடு ஒற்றைப் படுக்கையறை வீடு, வாடகையும் அதற்கேற்பத்தான். ஆல்பம், பட்டுப்புடவை, பாத்திரம் எல்லாம் கும்பகோணம் போகட்டும். நகை லாக்கரில் இருக்கட்டும். மற்றதை விற்றுவிடுங்கள்.

அப்பாவுக்கு வாடகைப் பணத்தை அனுப்புவதைவிட, பவர் பத்திரம் கொடுப்பதுதான் முக்கியம். வீட்டை வாடகைக்கு விட, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, பழுது பார்க்க, அலுவலகங்களில் உங்கள் சார்பாக ஆஜராக என்று வரையறுத்து எழுதுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டாம். அப்பா மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. யாராவது ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினால் அவரால் சமாளிக்க முடியாது. ஒப்பந்தத்தை, 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி 90 நாளுக்குள் வாடகை அதிகார அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் சட்டம் சொல்லும் அட்வான்ஸ், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகை. அந்த 75,000-ஐ விமான டிக்கெட்டுக்குச் செலவழிக்காமல் டெபாசிட்டில் போடுங்கள், அது திருப்பித் தர வேண்டிய பணம்.

மடிப்பாக்கம் என்பதால் வெள்ளத்துக்கும் சேர்த்து வீட்டுக் காப்பீடு எடுங்கள். வாடகைக்கு விடுவதை அந்த நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

கனடாவில் குடியேறியபின் உங்கள் உலக வருமானம் முழுவதையும் அங்கே காட்ட வேண்டும், இந்த வாடகை உட்பட. இந்தியாவில் கட்டிய வரிக்கு அங்கே கழிவு உண்டு. பின்னாளில் ஃப்ளாட்டை விற்றால், நீங்கள் குடியேறிய நாளில் இருந்த சந்தை மதிப்பிலிருந்துதான் அங்கே லாபத்தைக் கணக்கிடுவார்கள். அதனால் ஆகஸ்ட் மாதத் தேதியில் ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சில ஆயிரம்தான் செலவு. பத்து வருடம் கழித்து அந்த மதிப்பை நிரூபிப்பது லேசல்ல.

பவர் பத்திரத்தை ஜூலை முதல் வாரத்திலேயே பதிந்துவிடுங்கள். கிளம்புகிற மாதத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் காத்திருக்க உங்களுக்கு நேரமும் இருக்காது, மனசும் இருக்காது.