தூக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். இம்முறை விடுப்பில் வந்ததிலிருந்து இரவில் தூங்குவதில்லை. கதவு அடித்துச் சாத்தினாலே பதறி எழுகிறார். மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், “எனக்கென்ன பைத்தியமா? இது பதிவேட்டில் ஏறினால் பதவி உயர்வு போய்விடும்” என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

மனநல மருத்துவரின் பதில்: அவருடைய பயத்தை அற்பம் என்று தள்ளாதீர்கள். ஆயுதம் ஏந்தும் பணியில், சிகிச்சைக் காலத்தில் சில பொறுப்புகள் மாற்றப்படலாம். அதை மறைத்துப் பேசினால் மற்றதையும் நம்ப மாட்டார். ஆனால் கவனிக்காமல் விட்ட தூக்கமின்மை, குடியாகவோ கைமீறும் கோபமாகவோ வெளிப்பட்டால் வேலைக்கு நேரும் சேதம் அதைவிடப் பெரிது. “நான் சொல்வதில் எது மேலதிகாரிக்குப் போகும்?” என்று முதல் சந்திப்பில், வாய் திறக்கும் முன்பே அவர் கேட்டுக்கொள்ளலாம்.

‘மனநோய்’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாசற்கதவைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். பிள்ளை பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிடுகிறீர்கள். தூக்கத்துக்காவது ஒருவரைப் பார்ப்போமே.” தூக்கத்துக்கு உதவி கேட்பதைப் பல வீரர்கள் இழிவாக நினைப்பதில்லை. பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

அவருக்கு நடந்திருப்பது கோழைத்தனமல்ல. ஆபத்தான இடத்தில் உயிரைக் காத்த விழிப்பு, வீடு திரும்பிய பிறகும் தணியாமல் நிற்கிறது. முதல் உலகப் போரில் இதைக் குண்டு அதிர்ச்சி என்றார்கள். வெடிப்பு நரம்பைக் குலைத்ததாக நினைத்தார்கள். வெடிப்புக்கு அருகிலேயே இல்லாதவர்களுக்கும் அது வந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றது 1980-இல்தான். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை. அந்த நினைவுகளைப் பாதுகாப்பாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, வாரம் ஒருமுறை வீதம் பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில் முடிந்துவிடும். சிலருக்கு மாத்திரையும் உதவும்.

நீங்கள் பத்து முறை சொல்வதைவிட, சிகிச்சை பெற்றுப் பணிக்குத் திரும்பிய சக வீரர் ஒருவர் ஒருமுறை சொல்வது எடுபடும். அப்படி யாராவது தெரிந்தால் தயங்காமல் அழையுங்கள்.

“நான் இல்லாவிட்டால் நல்லது” என்பதுபோல் எப்போதாவது பேசினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. வீட்டில் துப்பாக்கியோ மாத்திரைகளோ இருந்தால் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். தனியே விடாமல், அன்றே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்போது பதிவேட்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.