எத்தனை நாள் ஆச்சு?

வணக்கம் ஐயா,

ஒன்பது வருடமாக ஒரு சிறிய துணிக்கலைச் சங்கத்தில் இருக்கிறேன். மொத்தம் 23 பேர். நெசவு, எம்பிராய்டரி, குயில்ட் (துணிகளை அடுக்கித் தைக்கும் விரிப்பு), இயற்கைச் சாயம் என்று ஆளுக்கொரு கிறுக்கு. வருடத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கிறோம். மாதம் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்துகிறோம்.

பட்டறைக்கு இடம் கிடைக்காமல் ஆட்கள் காத்திருக்கிறார்கள். கண்காட்சிக்குக் கூட்டம் திறப்பு நாளோடு சரி. அதன்பிறகு நாங்களே முறைபோட்டு உட்கார்ந்து ஈ ஓட்டுகிறோம். தப்பித்தவறி வருபவர்களும் இரண்டே காரியம்தான் செய்கிறார்கள். துணியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், "இதை முடிக்க எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். போன முறை ஓர் ஓவியர் வந்தார். என் எம்பிராய்டரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "கைவேலை பிரமாதம். ஆனா கலைன்னு சொல்லிட முடியாது" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது சங்கத்துக்குள் இரண்டு கட்சி. பட்டறைகளால்தான் நம்மைத் தையல் வகுப்பு என்று நினைக்கிறார்கள், அவற்றை நிறுத்துவோம் என்கிறது ஒன்று. ஆள் வராத கண்காட்சி எதற்கு என்கிறது மற்றது. நடுவில், எல்லாருடைய படைப்பையும் வைப்பதா, தேர்வுக்குழு போடுவதா என்ற சண்டை வேறு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அடுத்த கண்காட்சித் திறப்புக்கு வந்து பேச முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

தொட்டுப் பார்க்கிறவர்கள் மேலும் எத்தனை நாள் என்று கேட்கிறவர்கள் மேலும் உங்களுக்கு இருக்கும் எரிச்சல் புரிகிறது. ஆனால் நான் அவர்கள் கட்சி.

ஓர் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்ததும் யாருக்கும் முதலில் இந்தக் கேள்வி வராது. துணியைப் பார்த்தால் வருகிறது, ஏனென்றால் துணியில் நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு தையலும் ஊசி ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்த தடம். பொறுமை இருந்தால் உட்கார்ந்து எண்ணிவிடலாம். வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததைச் சொல்ல அவரிடம் வேறு வார்த்தை இல்லை, அவ்வளவுதான். நீங்கள் "மூணு மாசம்" என்கிறீர்கள். அவர் "அடேயப்பா, என்ன பொறுமை!" என்கிறார். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. முடித்து வைத்தது அவர் கேள்வியா, உங்கள் பதிலா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இரண்டு நாள் டேபஸ்ட்ரிப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். டேபஸ்ட்ரி என்றால் தறியிலேயே படம் வரும்படி நெய்கிற துணி. உங்களுடையதைப் போன்ற ஒரு சங்கம்தான் நடத்தியது. மரச்சட்டத்தில் பாவு, அதாவது நெடுக்கு நூல், கட்டிக் கொடுத்துவிட்டார்கள். குறுக்கு நூலான ஊடையைக் கையாலேயே மேலும் கீழுமாக விட்டு, முள்கரண்டி மாதிரி ஒன்றால் அடித்து இறக்க வேண்டும். முதல் நாள் மத்தியானத்துக்குள் ஒரு சாண் நெய்துவிட்ட பெருமையில் நிமிர்ந்து பார்த்தால், துணிக்கு இடுப்பு வந்திருக்கிறது. அடியில் அகலமாக ஆரம்பித்தது போகப்போக இரண்டு பக்கமும் ஒடுங்கி, ஓரத்துப் பாவு நூல்கள் உள்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. சொல்லிக்கொடுத்த அம்மா சிரித்தார். "நேரா இழுத்து விடுறீங்க. நூல் என்ன நேராவா போகுது?" என்றார்.

ஊடை ஒவ்வொரு பாவு நூலையும் சுற்றி ஏறி இறங்கிப் போகிறது. அதற்கு நேர்க்கோட்டைவிடக் கூடுதல் நீளம் வேண்டும். நேராக இழுத்தால் அந்த நீளம் ஓரத்திலிருந்து திருடப்படும். அதனால் வில்போல வளைத்துப் போட்டுவிட்டு, பிறகு அடித்து இறக்க வேண்டும். வளைவில் இருக்கும் உபரி நூல் பாவைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். இதைப் பிரித்து மறுபடி நெய்வதிலேயே எனக்கு இரண்டாம் நாளும் போனது. வீட்டுக்குக் கொண்டுவந்தது உள்ளங்கை அளவு கோணல் துணி.

ஆனால் அதற்குப் பிறகு எந்த டேபஸ்ட்ரியைப் பார்த்தாலும் என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது. ஆள் உயரத்துக்கு மேல் நெய்து, ஓரம் கத்தியால் வெட்டினமாதிரி நிற்கிறது என்றால் அது என்ன காரியம் என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்கு முன் நான் பார்த்ததெல்லாம் படம் மட்டும்தான். அந்த இரண்டு நாள் என்னை நெசவாளியாக்கவில்லை. துணி பார்க்கத் தெரிந்தவனாக ஆக்கியது.

உங்கள் பட்டறைக்கு வரிசையில் நிற்கிறவர்கள்தான் உங்கள் கண்காட்சியின் பார்வையாளர்கள். இரண்டையும் தனித்தனியாக வைத்துவிட்டு, ஒன்றில் கூட்டம் இருக்கிறது, ஒன்றில் இல்லை என்கிறீர்கள். கண்காட்சிக் கூடத்துக்குள்ளேயே ஒரு மேசை போடுங்கள். வட்டச்சட்டத்தில் இறுக்கிய துணி, நூல் கோத்த ஊசி, முறைபோட்டு உட்காரும் உறுப்பினர் ஒருவர். "எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்பவரிடம், "உட்காருங்க, பத்துத் தையல் போட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். பத்துத் தையல் போட்டுவிட்டு அவர் எழுந்து போய் உங்கள் படைப்பை மறுபடி பார்க்கட்டும். அப்போது அவர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்.

சங்கம் என்ற ஏற்பாடு வந்த வழியும் இதுதான். இங்கிலாந்தில் 1906-ல் எம்பிராய்டரிக்காரர்களின் கில்டு என்ற சங்கம் தொடங்கியபோது, தொடங்கிய 16 பேரும் ஒரே தையற்கலைப் பள்ளியில் படித்து வெளியே வந்தவர்கள். வகுப்பறையிலிருந்து பிறந்த சங்கம் அது.

ஆனாலும் பட்டறையை நிறுத்தச் சொல்லும் கட்சியிடம் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் பட்டறைகள் எப்படிப்பட்டவை என்று நீங்கள் எழுதவில்லை, நானாக ஊகிக்கிறேன். இரண்டு மணிநேரம், ஆரம்பநிலை, முடிவில் கையில் எடுத்துப் போக ஒரு புத்தகக் குறி. அடுத்த மாதம் வேறு இருபது பேருக்கு அதே ஆரம்பநிலை. இப்படி இருந்தால் தையல் வகுப்பு என்றுதான் சொல்வார்கள். பட்டறை என்ற சொல்லை நாம் கொல்லரிடமிருந்தும் தச்சரிடமிருந்தும் எடுத்தோம். ஒரு பொருள் உருவாகி வெளியே வருகிற இடம் அது. ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் நெசவுப் பிரிவை அப்படித்தான் நடத்தினார்கள். பெண்களைப் பெரும்பாலும் அங்கேதான் தள்ளிவிட்டார்கள் என்பது அந்தப் பள்ளியின் அசிங்கமான பக்கம். 1922-ல் சேர்ந்த அன்னி ஆல்பர்ஸுக்கு நெசவில் பெரிய ஆசையெல்லாம் இல்லை, கண்ணாடி வேலையைத்தான் கேட்டார். தறியில் உட்கார வைக்கப்பட்டவர், 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைத்தார். அங்கே தனிக் கண்காட்சி கண்ட முதல் நெசவுக் கலைஞர் அவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உறுப்பினர்களுக்கே கடினமான ஒரு பட்டறை வையுங்கள். 23 பேரில் எத்தனை பேருக்கு இன்னொருவரின் வேலை தெரியும்? எம்பிராய்டரிக்காரர் அவுரித் தொட்டியில் கைவிட்டதுண்டா? தொட்டியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக வெளியே வரும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாவதை ஒருமுறை பார்த்தவர் நீல நூலை எடுக்கிற விதமே மாறிவிடும்.

இனி அந்த ஓவியர். அவருக்காக ஓர் இரவுத் தூக்கத்தைக் கொடுத்தது அதிகம். அவர் சொன்னதை அவரைவிடப் பெரிய ஆள் ஒருவர் முன்பே சொல்லியிருக்கிறார். 1969-ல் அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் நூலிழைப் படைப்புகளுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா, இவை அலங்காரத்தை விட்டு அதிகம் வெளியே வரவில்லை, பார்ப்பவரிடம் பெரிதாக எதையும் கோரவில்லை, நுண்கலைக்கும் பயன்கலைக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன என்ற பொருளில் எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அவர் பிறந்த வீட்டுத் தொழிலே பழைய டேபஸ்ட்ரிகளைச் செப்பனிடுவது. டேபஸ்ட்ரியில் நைந்துபோன பகுதிகளுக்கு, உருவங்களில் அழிந்துபோன கால்களுக்கு, சிறுமியாக இருந்தபோது படம் வரைந்து கொடுத்தவர். பிறகு எண்பது வயதைத் தாண்டியபின் தன் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் எடுத்து வெட்டித் தைத்துச் சிற்பங்களும் துணிப் புத்தகங்களும் செய்தார். ஊசியிடமே திரும்பி வந்தார்.

அவர் 1969-ல் சொன்னது தவறு என்று நான் வாதாட மாட்டேன். பார்ப்பவரிடம் எதையாவது கோருகிறதா என்பது நல்ல கேள்வி. அதை ஒவ்வொரு படைப்பிடமும் தனியாகக் கேட்க வேண்டும். துணி என்ற இனத்திடமே மொத்தமாகக் கேட்பதுதான் கோளாறு. உங்கள் எம்பிராய்டரியை நான் பார்த்ததில்லை. ஓவியர் சரியாகவும் சொல்லியிருக்கலாம்!

இங்கேதான் தேர்வுக்குழு வருகிறது. போடுங்கள், சந்தேகமே வேண்டாம். நான் பார்த்த சங்கக் கண்காட்சிகளில் பாதியைக் கெடுத்தது நெரிசல். சுவரில் ஓர் அங்குலம் விடாமல் மாட்டியிருப்பார்கள், யார் மனமும் புண்படக்கூடாது என்று. கண்ணுக்கு இளைப்பாற இடமே இருக்காது. மீதியைக் கெடுத்தது பெட்டியில் வருகிற தயார் வடிவங்கள். அச்சிட்ட படத்தின் மேல், எண் போட்ட நூலால் தைத்தது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வீட்டில் மாட்டுங்கள், கண்காட்சிக்கு வேண்டாம். குழுவில் மூன்று பேர் போதும். ஒருவர் நிச்சயம் வெளியாள். 23 பேர் ஒருவரையொருவர் ஒன்பது வருடமாகத் தெரிந்த இடத்தில் உள்ளாள் மட்டும் தேர்ந்தெடுத்தால் சங்கம் உடையும்.

பெயர்ச்சீட்டில் கஞ்சத்தனம் கூடாது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குயில்ட்களை எடுத்து, நவீன ஓவியங்களைப்போல வெள்ளைச் சுவரில் மாட்டியது. கூட்டம் அம்மியது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள். தைத்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. பெண்ணியர்கள் பின்னாளில் அதைக் கடுமையாகக் கேட்டார்கள். 2002-ல் ஹூஸ்டனில், அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற சிறிய ஊரின் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலைத் துணிகளிலிருந்து தைத்த குயில்ட்கள் காட்சிக்கு வந்தபோது ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. சீட்டில் பெயருக்குக் கீழே என்ன துணி, என்ன நூல், என்ன சாயம், பழந்துணி என்றால் எதிலிருந்து கிழித்தது என்று எழுதுங்கள். "அம்மாவின் சேலை" என்ற இரண்டு வார்த்தை, "நினைவும் இழப்பும்: ஒரு தேடல்" என்ற தலைப்பைவிட எவ்வளவோ மேல்.

தொடுவதைப் பற்றி. கையின் வியர்வையும் எண்ணெயும் துணியில் தங்கிக் கறையாகும், ஆகவே படைப்பைத் தொட விடாதீர்கள். ஆனால் 'தொடாதீர்' என்ற பலகையும் வேண்டாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே துணி, அதே நூல், அதே தையலில் கையகல மாதிரி ஒன்றைத் தொங்கவிடுங்கள். அது அழுக்காகட்டும், நைந்து போகட்டும். அப்புறம் ஒன்றிரண்டு படைப்புகளையாவது சுவரை விட்டு நடுவில் தொங்கவிட்டுப் பின்பக்கத்தையும் காட்டுங்கள். போலந்தின் மக்தலேனா அபகனோவிச் 1960-களிலேயே தன் பிரம்மாண்டமான சிசல் நார் நெசவுகளைச் சுற்றி நடந்து பார்க்கும்படி தொங்கவிட்டார். இமாசலப் பிரதேசத்தின் சம்பா ருமால் என்ற எம்பிராய்டரிக் கைக்குட்டையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்படி தைப்பார்கள், அது ஒரு சாதனை. ஆனால் நம்மைப் போன்றவர்களின் பின்பக்கம்தான் சுவாரசியம். நூல் எங்கிருந்து எங்கே தாவியது, எங்கே முடிச்சுப் போட்டார், எங்கே பிரித்துத் திரும்பத் தைத்தார் எல்லாம் அங்கே இருக்கும். 'எத்தனை நாள்' என்ற கேள்விக்கு நேரான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக வெளிச்சம். என் வீட்டிலிருந்த ஒரு பழைய மெத்தை விரிப்பை ஒரு கண்காட்சிக்கு இரவல் கொடுத்தேன். ஊதாப் பின்னணி, ஓட்டுத் தையல் வேலை. மேற்கு ஜன்னலுக்கு எதிரே, மேல் ஓரத்தை மரச்சட்டத்தில் இறுக்கிவிட்டார்கள். மூன்று வாரம். திரும்பி வந்தபோது எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. சட்டத்தைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. அதன் அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய ஊதா அப்படியே பளிச்சென்று இருந்தது. மீதியெல்லாம் சாம்பல். வெளுத்த சாயம் திரும்பி வராது, ஒவ்வொரு நாள் வெளிச்சமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அருங்காட்சியகங்கள் துணி மேல் படும் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்திக்கொள்வது அதனால்தான், முன்வாசல் திண்ணை வெளிச்சத்தைவிட எத்தனையோ மடங்கு குறைவு. ஜன்னலை மூடுங்கள். மாட்டுவதற்குக் கிளிப் வேண்டாம், கிளிப் பிடித்த இடத்திலேயே முழுப் பாரமும் தொங்கும். பின்பக்க மேல் ஓரம் நெடுக ஒரு துணிக் குழாய் தைத்து, அதற்குள் கம்பை விட்டால் பாரம் பரவிவிடும். கண்காட்சி முடிந்தால் மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

திறப்புக்கு வருகிறேன். பேச மட்டும் சொல்லாதீர்கள். துணிக் கண்காட்சியில் மேடையேறுகிற எல்லாரும் தமிழில் 'நூல்' என்றால் இழையும்தான், புத்தகமும்தான் என்று ஆரம்பிக்கிறார்கள், நானும் இரண்டு முறை அப்படி ஆரம்பித்திருக்கிறேன். அந்த மேசையில் எனக்கொரு நாற்காலி போடுங்கள். ஊசியில் நூல் கோக்க எனக்கு இப்போது கண்ணாடி வேண்டும், அதை நானே கொண்டுவந்துவிடுகிறேன்.