"தி லேடி ஈவ்" படத்துல ஹீரோ அதே பொண்ணை எப்படி அடையாளம் தெரியாம போறான்?

1941-ல பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் எடுத்த இந்தப் படத்துல பலருக்கும் வர்ற சந்தேகம் இதுதான், கப்பல்ல சீட்டாட்ட மோசடி பண்ண வந்து அவனையே காதலிச்சு, உண்மை தெரிஞ்சதும் அவன் உதறிட்டுப் போன அதே பார்பரா ஸ்டான்விக், இங்கிலாந்து சீமாட்டின்னு அவன் வீட்டுக்கே வந்து நிக்கிறப்போ ஹென்றி ஃபோண்டா ஏன் நம்புறான்னு. அவ வேஷமே போடல, அதே முகம், அதே முடி, பேச்சு மட்டும்தான் மாறுது. ஏமாத்த வந்தவ கொஞ்சமாவது மாத்தியிருப்பாளே, இவ்ளோ ஒத்துப்போறதாலயே இது வேற ஆளுன்னு அவன் முடிவு பண்றான். கூடவே இருக்கிற அவனோட வேலையாள் மக்ஸி அதே பொண்ணுதான்னு அடிச்சு சொல்லியும் கேக்கல. பாம்பு ஆராய்ச்சிக்காக அமேசான் காட்டுல கிடந்த பணக்கார வீட்டுப் பையன், மனுஷங்களைப் படிக்கத் தெரியாதவன், அதனால எனக்கு இது லாஜிக் ஓட்டையா தெரியவே இல்ல, அவன் குணமே அதான். ஸ்டான்விக் நடிப்பு அவ்ளோ பிரமாதம், கோபத்துக்கு உள்ளயே காதல் தெரியும்.