இருமும் கன்றுக்குக் கஷாயம் புகட்டலாமா?

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், காரைக்குடி

கேள்வி: டாக்டர் தம்பி, எங்கள் கலப்பினக் கன்றுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. அடைமழை பிடித்ததிலிருந்து இருமுகிறது, மூக்கு ஒழுகுகிறது. சாரல் அடிக்காமல் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டேன். தூதுவளையும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்து, மூங்கில் குழாயில் தினமும் புகட்டுகிறேன். இருமல் நின்றபாடில்லை. இன்னும் கூட்டிக் கொடுக்கட்டுமா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம் ஆச்சி, புகட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். கன்றின் தலையைத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றும்போது அதனால் சரியாக விழுங்க முடியாது. நடுவில் ஒரு இருமல் வந்தால் கஷாயம் நேரே நுரையீரலுக்குள் போய்விடும். சாதாரணச் சளியோடு வந்து, புகட்டியதாலேயே நிமோனியாவில் செத்த கன்றுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறாது.

அடுத்தது தார்ப்பாய். கொட்டகைக்குள் கன்றின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து சற்று நேரம் இருந்து பாருங்கள். கண் எரிந்தால் அது மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. மூச்சுக்குழாயின் உட்பூச்சை அது அரித்துவிடும். பிறகு வைரஸும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாவும் உள்ளே இறங்கத் தடையே இல்லை. வாடைக்காற்று வரும் பக்கம் மட்டும் கன்றின் உயரத்துக்குத் தார்ப்பாய் இருக்கட்டும். மேலே காற்றுப் போக விட்டுவிடுங்கள். படுத்தால் கால் மறைகிற அளவுக்குக் காய்ந்த வைக்கோல் போடுங்கள், குளிர் தாங்கும்.

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 102.5 டிகிரி வரை சரி. 103-ஐத் தாண்டினாலும், காது தொங்கிப் பால் குடிக்காமல் நின்றாலும், கழுத்தை நீட்டி வாயால் மூச்சு வாங்கினாலும் நாள் தள்ளாமல் டாக்டரை அழையுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால், கன்று துள்ளுகிறதே என்று பாதியில் விடக்கூடாது. காய்ச்சலுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட யாராவது வந்தால் சம்மதிக்காதீர்கள். பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த மருந்து அது. கால்நடைக்கு 2006-லேயே தடை செய்துவிட்டார்கள்.

அடுத்த ஈற்றில், நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலை நிறுத்தி வைக்காதீர்கள். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போகவேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது வேண்டும்.

கேள்வி: தொண்டை அடைப்பான் தடுப்பூசியை எப்போது போடுவது?
- வாசகர், தேவகோட்டை

பதில்: நம் பக்கம் ஐப்பசியில் மழை இறங்கும். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் பிடிப்பதால் ஆவணியிலேயே போட்டுவிடுங்கள், வருஷம் தவறாமல். ஆறு மாதம் தாண்டிய மாடுகள் எல்லாவற்றுக்கும் போடவேண்டும். திடீர்க் காய்ச்சலோடு தொண்டை வீங்கி, குறட்டை போல மூச்சு வந்தால் ஒரே நாளில் மாடு கைவிட்டுப் போய்விடும். அப்போது அந்த மாட்டுக்குத் தடுப்பூசி பயன்படாது. அதைத் தனியே கட்டிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.