அரிசியும் ஆகாது, பருப்பும் ஆகாது என்றால் எதைத்தான் சாப்பிடுவது?

கேள்வி: வயது 46. விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. கிட்டத்தட்ட அப்போதிருந்தே சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, ஓயாமல் காற்று பிரிகிறது. கடையில் ஆள் நிற்கும்போது பெரிய சங்கடம். மோஷனும் ஒழுங்காக இல்லை. டாக்டர் கொடுத்த கேஸ் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு வருடமாகப் போடுகிறேன். தெரிந்தவர் சொன்னார் என்று 200 உணவுக்கான அலர்ஜி ரத்தப் பரிசோதனை எடுத்தேன். அரிசி, துவரம்பருப்பு, பால், முட்டை, தக்காளி எதுவும் ஆகாது என்று வந்திருக்கிறது. டாக்டரிடம் காட்டினால், "காரம், எண்ணெய் குறைங்க" என்பதோடு முடித்துவிட்டார். சர்க்கரை போடாமல் நாளைக்கு ஐந்து டீ குடிப்பேன்; கூடவே சுகர்ஃப்ரீ பிஸ்கட். கடை அடைத்து இரவு சாப்பிட பத்தரை ஆகிவிடும். என்னதான் சாப்பிடுவது? இசப்கோல் தினமும் எடுக்கலாமா?

பதில்: அரிசியையும் பருப்பையும் நிறுத்தாதீர்கள். அந்த ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இந்த 'பேனல்' டெஸ்டுகளில் பெரும்பாலும் அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம். ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி ரத்தத்தில் இருக்கத்தான் செய்யும். தினமும் சோறும் சாம்பாரும் சாப்பிடுகிறவருக்கு அரிசியும் துவரம்பருப்பும் சிவப்பு எழுத்தில் வந்ததில் என்ன அதிசயம்? நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையான உணவு அலர்ஜி வேறு: சாப்பிட்ட சிறிது நேரத்தில் அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்று வரும். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவின் அலர்ஜி மருத்துவர் சங்கங்கள் மூன்றுமே இந்த ஐஜிஜி டெஸ்டை நம்பி உணவை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டன. இங்கே இன்னும் அது 'முழு உடல் பரிசோதனை'யோடு சேர்த்து விற்பனையாகிறது. ரிப்போர்ட் கைக்கு வந்த மறுநாளே ஒரு டயட் பேக்கேஜ்காரர் போன் செய்வார். மூன்று மாதப் பவுடர், குடலைச் சுத்தம் செய்யும் சூரணம், ஒரு டப்பா புரோபயாட்டிக் என்று அடுத்த பில் தயாராக இருக்கும். வாங்காதீர்கள். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-லேயே விதி போட்டிருக்கிறது. விதி விதியாகவே இருக்கிறது.

இனி உங்கள் வயிற்றுக்கு வருவோம். சர்க்கரை மாத்திரை ஆரம்பித்ததும் உப்புசம் ஆரம்பித்ததும் கிட்டத்தட்ட ஒரே காலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாரும் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்து வருவது இப்போது சகஜம். அதில் பெரும்பாலும் மெட்ஃபார்மின் இருக்கும். பல அட்டைகளில் வோக்லிபோஸ் என்றும் இருக்கும். வோக்லிபோஸின் வேலையே மாவுச்சத்தைச் சிறுகுடலில் சீக்கிரம் செரிக்கவிடாமல் தாமதப்படுத்துவது. அதனால் சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறாது. நல்லதுதான். ஆனால் செரிக்காமல் மிஞ்சியது பெருங்குடலுக்குப் போகும், அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும், காற்று உண்டாகும். இட்லி மாவு பொங்குவதுபோலத்தான். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால், பலருக்குக் குறைகிறது.

நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை ஏறினால் வரும் தொல்லைக்கு முன்னால் இந்த வயிற்றுப் பிரச்சினை ஒன்றுமே இல்லை. "இதில் வோக்லிபோஸ் இருக்கிறதா, மாற்ற முடியுமா?" என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் பான்டோப்ரசோல் வகையாகத்தான் இருக்கும். அது அமிலத்தைக் குறைக்கும், நெஞ்செரிச்சலுக்கு நல்ல மருந்து. காற்றைக் குறைக்காது. உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருப்பதாகவே நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மினும் இதுவும் சேர்ந்து வருடக்கணக்கில் போனால் வைட்டமின் பி12 குறையலாம். அந்த ரத்தப் பரிசோதனை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அர்த்தம் இருக்கிறது. மாத்திரையைத் திடீரென்று விட்டால் சில வாரம் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரந்து, 'இது இல்லாமல் முடியாது' என்று தோன்றும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

உணவில் மூன்று இடத்தில்தான் கை வைக்கச் சொல்வேன். முதலில் அந்த சுகர்ஃப்ரீ பிஸ்கட். இனிப்புக்காகப் பலவற்றில் மால்டிடால், சார்பிடால் சேர்க்கிறார்கள். இவை குடலில் ஓரளவுதான் உறிஞ்சப்படும், மீதி காற்றாகும். அடுத்தது பால். வயது ஏற ஏற நம் ஊரில் பலருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. ஒரு டம்ளர் தாங்கும். நாள் முழுக்க ஐந்து டீ என்றால் கணக்கு வேறு. இரண்டு வாரம் பாலில்லாத டீயோ சுக்குத் தண்ணீரோ குடித்துப் பாருங்கள். தயிரும் மோரும் இருக்கட்டும், அவை பொதுவாகத் தொந்தரவு தருவதில்லை. இரண்டு வாரம் கழித்துப் பாலை மறுபடி ஆரம்பியுங்கள். உப்புசம் திரும்பி வந்தால்தான் குற்றவாளி பால். வராவிட்டால் பாலை விட்டுவிட்டு வெங்காயத்துக்குப் போங்கள், அதையும் இதே மாதிரி. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். பருப்பு, கொண்டைக்கடலையை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள், காற்று குறையும்.

மூன்றாவது, இரவு பத்தரை. கடை அடைத்த பிறகுதான் முடியும் என்றால் ஏழு மணிக்குக் கடையிலேயே இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுங்கள், வீட்டுக்கு வந்து மோர் போதும். நேரத்தை மாற்றினால் மாத்திரை நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். காரத்தையும் எண்ணெயையும் பற்றி அவர் சொன்னதில் தவறில்லை, ஆனால் அது எல்லோருக்கும் சொல்கிற வசனம். கூட்ட நேரத்தில் ஓபி சீட்டில் பேர் எழுதி மருந்து எழுதவே நேரம் சரியாகிவிடுகிறது. காலை முதல் இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க யாருக்கு நேரம்? கேட்பதற்கென்று ஒரு டயட்டீஷியன் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். எத்தனை ஆஸ்பத்திரியில் இருக்கிறார்?

இசப்கோல் எடுக்கலாம், அதுவும் நார்ச்சத்துதான். ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து, பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள்; வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் அதிகம் எடுத்தால் உப்புசம் இன்னும் கூடும். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் சற்று இடைவெளி விடுங்கள். பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு கீரை, அவரை, கொய்யா, தோலோடு பருப்பு என்று தட்டிலிருந்தே வரட்டும்.

ஆனால் நார்ச்சத்து எல்லோருக்கும் நல்லது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நம் நாட்டில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது. அது ஆறும்போது தழும்பு விழுந்து குடல் ஓரிடத்தில் சுருங்கிவிடும். குரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயிலும், பழைய ஆபரேஷனில் குடல் ஒட்டிக்கொண்டவர்களுக்கும் இதே நிலை வரலாம். இவர்களுக்குச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் சுருட்டிப் பிடிக்கும் வலி, குடகுடவென்று சத்தம், வயிற்றில் ஓரிடம் புடைத்து அடங்குவது, சில நாள் வாந்தி, எடை இறங்குவது என்று இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இதை 'வாயு' என்பார், இசப்கோலும் வாழைத்தண்டும் சிபாரிசு செய்வார். சுருங்கிய இடத்தில் அந்த நார் போய் அடைத்தால் நேரே எமர்ஜென்சிதான். முன்பு டிபிக்கு மருந்து சாப்பிட்டவரோ, வீட்டில் யாருக்காவது டிபி வந்தவரோ, இப்படி வலி இருந்தால் ஸ்கேன் பார்க்காமல் ஒரு ஸ்பூன் இசப்கோல்கூடத் தொடக் கூடாது. ஆரஞ்சுச் சுளையின் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, பழ விதை எதையும் விழுங்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறி எதுவும் இல்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மலத்தில் ரத்தம், கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, இதில் ஒன்று இருந்தாலும் உணவுச் சோதனையில் நாள் கடத்தாமல் எண்டோஸ்கோபி வசதி உள்ள இடத்துக்குப் போங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகுமுன் ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மணி, சாப்பிட்டது, எத்தனை மணிக்கு உப்பியது, மோஷன் போனதா. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஒரு பக்கம் என்றால் அவரும் பார்ப்பார். கூடவே மாத்திரை அட்டையைக் கொண்டுபோங்கள். மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்துப் பெயர் இருக்கும் பக்கம் அவர்களிடமே தங்கிவிடும். முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.