கான்கிரீட், பாக்டீரியா, ஊதியம் எல்லாம் ஒரே ஆய்விதழில்: கட்டுரையை வெளியிடலாமா?

கோவையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பஞ்சாலைத் தொழிலாளர்களின் ஊதிய மனநிறைவு பற்றி ஆய்வு செய்கிறேன். மின்னஞ்சலில் அழைப்பு விடுத்த ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. கூடவே 2,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டடப் பொறியியல், கல்வியியல், நுண்ணுயிரியல், மனிதவளம் என்று எல்லாத் துறைக் கட்டுரைகளும் அதில் கலந்து வருகின்றன. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது. இம்பாக்ட் ஃபேக்டர் 7க்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் காட்டிய யூஜிசி கேர் பட்டியலும் இப்போது இல்லை. எதை வைத்து முடிவு செய்வது?"

பணம் கட்ட வேண்டாம். பதிப்புரிமைப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம். ஆனால் பல துறைகள் கலந்திருப்பதை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து 1932 முதல் வெளிவரும் கரன்ட் சயின்ஸ், 2006இல் தொடங்கிய பிளாஸ் ஒன், 2011இல் தொடங்கிய சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் ஆகிய எல்லாமே பல துறை இதழ்கள்தாம். அவற்றில் ஒரு நுண்ணுயிரியல் கட்டுரை வந்தால், அந்தத் துறையை அறிந்த ஆசிரியர் ஒருவர் அதைக் கையில் எடுத்து, அதே துறையில் உழைப்பவர்களிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புகிறார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த இதழில் உங்கள் கட்டுரையை விஷயம் தெரிந்த யாராவது படித்தார்களா என்பதுதான். இணையதளத்தின் முகப்பு அதற்குப் பதில் தராது. ஏற்கெனவே வெளியான கட்டுரைகள் தரும். அண்மை இதழ் ஒன்றைத் திறந்து, துறைக்கு ஒன்றாக நான்கு கட்டுரைகளை, மதிப்பிடச் சொல்லி உங்களுக்கே அனுப்பியதாக எண்ணிக்கொண்டு படித்துப் பாருங்கள். மற்ற துறைகளில் எதைப் பார்ப்பது என்று தயங்க வேண்டாம். எந்தத் துறையிலும் முதல் கேள்விகள் எளியவை.

கான்கிரீட் கட்டுரையில் சிமென்டுக்குப் பதிலாக ஏதோ ஒரு சாம்பலைச் சேர்த்து வலிமை கூடியது என்று எழுதியிருப்பார்கள். 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகளை 28 நாள் நீரில் பதப்படுத்தி நசுக்கிப் பார்ப்பது இங்குள்ள வழக்கம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 விதிப்படி மூன்று கட்டிகளின் சராசரிதான் ஒரு மாதிரியின் வலிமை. தனித்தனி அளவுகள் அந்தச் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. கட்டுரையில் ஒரே ஓர் எண் மட்டும் இருந்து, எத்தனை கட்டிகள், எவ்வளவு விலகல் என்ற பேச்சே இல்லையென்றால், கட்டடப் பொறியாளர் எவரும் அதைப் படித்துவிட்டு ஒப்புதல் தந்திருக்க முடியாது.

நுண்ணுயிரியல் கட்டுரை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுத்துவிடும். இத்தகைய இதழ்களில் ஏதேனும் ஓர் இலைச் சாற்றின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன் பற்றிய கட்டுரை பெரும்பாலும் இருக்கும். எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை வட்டத் தாளில் தோய்த்து, பாக்டீரியா பரப்பிய முல்லர் ஹின்டன் அகார் என்ற வளர்ப்பூடகத் தட்டில் வைத்து, சுற்றிலும் பாக்டீரியா வளராத வெற்று வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்திருப்பார்கள். பக்கத்திலேயே வெறும் எத்தனால் மட்டும் தோய்த்த தாள் ஒன்றையும் வைத்தார்களா என்று தேடிப் பாருங்கள். அது இல்லையென்றால் பாக்டீரியாவைத் தடுத்தது இலையா, எத்தனாலா என்று சொல்ல வழியில்லை. பரப்பிய பாக்டீரியாவின் அடர்த்தி 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுக்குச் சரிசெய்யப்பட்டதா, தெரிந்த ஆன்டிபயாடிக் வட்டு ஒன்று ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டதா, சோதனை மூன்று முறையாவது திரும்பச் செய்யப்பட்டதா என்பவை அடுத்த கேள்விகள். முதுநிலை மாணவரின் செய்முறைத் தேர்விலேயே கேட்கப்படும் இந்தக் கேள்விகளைக் கட்டுரை தாண்டி வந்திருக்கிறதென்றால், அதை யாரும் படிக்கவில்லை என்றே கொள்ளலாம். கல்வியியல் கட்டுரைக்கு இவ்வளவு நேரம் வேண்டியதில்லை: புதிய கற்பித்தல் முறையால் மதிப்பெண் உயர்ந்தது என்கிறார்களே, பழைய முறையில் படித்த ஒப்பீட்டுக் குழு இருந்ததா, இரு குழுக்களும் தொடக்கத்தில் ஒரே நிலையில் இருந்தனவா என்று பார்த்தால் போதும்.

நான்காவது உங்கள் துறைக் கட்டுரை. அங்கேதான் நீங்கள் நிதானமாகத் தங்க வேண்டும். ஊதிய மனநிறைவு என்பதை ஒற்றைப் பொருளாக இந்தத் துறை கொள்வதில்லை. ஹெனமன், ஷ்வாப் என்ற ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட 18 கேள்விகள் கொண்ட வினாத்தொகுப்பு, ஊதியத்தின் அளவு, ஊதிய உயர்வு, இதரப் பலன்கள், ஊதியம் வகுக்கப்பட்டு நிர்வகிக்கப்படும் முறை என நான்காகப் பிரித்துக் கேட்கிறது. வாங்கும் தொகை போதும் என்பவரே, பக்கத்து எந்திரத்தில் இருப்பவருக்குக் கிடைத்த உயர்வு தனக்கு ஏன் இல்லை என்று கொதித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் படிக்கும் கட்டுரை "120 பேரிடம் கேட்டோம், 62 சதவீதம் பேர் திருப்தி" என்று விழுக்காட்டுப் பட்டியலோடு நின்றுவிட்டால், அதை மதிப்பிட்டவருக்கு இந்தத் துறையே தெரியாது. தொழிலாளர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், அவர்களுக்கு நாட்கூலியா, மாதச் சம்பளமா, உற்பத்திக் கணக்கா, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் நிரந்தரத் தொழிலாளர்களையும் பிரித்துப் பார்த்தீர்களா, வினாத்தாளைத் தமிழில் கொடுத்தீர்களா, தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்களிடம் எப்படிக் கேட்டீர்கள் என்று நல்ல மதிப்பீட்டாளர் துளைத்தெடுப்பார். ஆலைக்குள் மேற்பார்வையாளர் பார்வையில் நின்று நிரப்பப்பட்ட தாளில் எல்லாரும் திருப்தியாகத்தான் இருப்பார்கள். அந்தத் தாள் எங்கே, யார் முன்னிலையில் நிரப்பப்பட்டது என்ற கேள்வி உங்கள் கட்டுரைக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றே நாளில் ஒரு திருத்தமும் கோராமல் ஏற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள். நேர்மையான மதிப்பீட்டுக்குச் சாதாரணமாகச் சில மாதங்கள் பிடிக்கும்.

இனி நீங்கள் குறிப்பிட்ட அடையாளங்கள். ஐஎஸ்எஸ்என் என்பது தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எட்டு இலக்கப் பதிவெண் மட்டுமே. வார இதழுக்கும் அது உண்டு, தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணும் அப்படித்தான். இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் பெற்ற மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் அளவு. அதை ஆண்டுதோறும் வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். வேறு யாரோ "குளோபல்", "சயின்டிஃபிக்" என்று அடைமொழி சேர்த்துத் தரும் எண்களை மதிப்பீட்டுக் குழுக்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸ் தளத்திலேயே தேடிப் பாருங்கள், எந்த ஆண்டு வரை என்பதையும் சேர்த்து. இடையில் நீக்கப்பட்ட இதழ்கள் பழைய பெருமையைத் தொடர்ந்து விளம்பரப்படுத்துவது உண்டு. உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் நகலெடுத்துப் போலித் தளம் நடத்துவோரும் உண்டு என்பதால், இதழின் முகவரியை அந்தப் பட்டியலின் வழியாகவே சென்று பிடிப்பது பாதுகாப்பு.

கேர் பட்டியலைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்வது சரி. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) முன்பு வைத்திருந்த ஆய்விதழ்ப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. அதன்பின் வந்த கேர் பட்டியலையும் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்து, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டு, உதவிக்குச் சில அளவுகோல்களை மட்டும் முன்வைத்தது. பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி: 2022 நவம்பரில் வெளியான முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளில், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற பழைய நிபந்தனை இல்லை. ஆனால் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் தமக்கென அந்த விதியை வைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் நடப்பு விதியை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சக ஆய்வாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் சொல்வதை நம்பிப் பணம் கட்டியவர்கள் நிறையப் பேர்.

கட்டணம் கேட்பதே குற்றமில்லை. எல்லாரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைக்கும் நல்ல இதழ்கள் பலவும் ஆசிரியரிடம் கட்டணம் பெறுகின்றன. தொகையை எப்போது சொல்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நல்ல இதழ் அதை முன்கூட்டியே தன் தளத்தில் போட்டிருக்கும். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பு நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் இதுவும் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று: மதிப்பீடு நடப்பதாகப் பொய் சொன்னது, கட்டணத்தை மறைத்தது, திரும்பப் பெற விரும்பிய கட்டுரைகளை விடாமல் பிடித்து வைத்தது. 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு முன்பே, 2013இல், சயின்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற செய்தியாளர் வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகளோடு புனைந்த ஒரு கட்டுரையை இப்படி இலவசமாகப் படிக்கத் திறந்து வைக்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஏற்றவற்றில் பெரும் பதிப்பகங்களின் இதழ்களும் இருந்தன என்பதால், பெயரைப் பார்த்து மட்டும் நம்புவதற்கும் இடமில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: இன்றே அந்த இதழுக்கு மின்னஞ்சலில், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட அனுமதி இல்லை, பதிப்புரிமையை மாற்றித் தரவில்லை, கட்டணமும் செலுத்தவில்லை என்று நான்கு வரி எழுதுங்கள், நகலை வழிகாட்டிக்கும் அனுப்புங்கள். திரும்பப் பெறவும் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த அஞ்சலை அனுப்பாமல் வேறு இதழுக்குக் கட்டுரையை அனுப்பினால், ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் கொடுத்த தவறு உங்கள் மேல் விழும். பிறகு கட்டுரையில் மேலே சொன்ன கேள்விகளுக்கான பதில்களைச் சேர்த்து, தொழிலுறவு, உழைப்புப் பொருளாதாரம் சார்ந்த இதழ்களைப் பாருங்கள். டெல்லி ஸ்ரீராம் மையம் நடத்தும் இந்தியன் ஜர்னல் ஆஃப் இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் உங்கள் பொருளுக்கு நேரடியாகப் பொருந்துவது. நிராகரித்தாலும், காரணத்தோடு வரும் மதிப்பீட்டாளர் குறிப்பு உங்கள் ஆய்வேட்டு அத்தியாயத்துக்கு உதவும்.

அவர்கள் உங்களை மீறிக் கட்டுரையைத் தளத்தில் ஏற்றிவிட்டால், நீக்கக் கோரி மீண்டும் எழுதுங்கள், புதிய இதழின் ஆசிரியரிடமும் நடந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது பிறர் எழுத்தைப் பார்த்து எழுதியதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் அந்தப் பக்கம் தலைகாட்டினால், தேதியோடு கூடிய அந்த முதல் மின்னஞ்சலைத்தான் நீங்கள் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கும்.